உறைபனிக் காலையில் ரோச் மீன்: தூண்டிலுக்கு முன் தெர்மாமீட்டர்

இங்கிலாந்தின் குளிர்காலக் காலையில் ரோச் என்னும் ஆற்று மீனுக்குத் தூண்டில் போடப் போகிறவர் கரையில் இறங்கியதும் தக்கையை எடுக்கக் கூடாது, தெர்மாமீட்டரை எடுக்க வேண்டும். நூலில் கட்டிய சாதாரணத் தெர்மாமீட்டர் போதும். ஓட்டமுள்ள இடமாகப் பார்த்து, கரையை ஒட்டாமல் சற்றுத் தள்ளி, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீருக்குள் விட்டு எடுத்துப் பாருங்கள். கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டுக் கிளம்பிய காலையிலும் ஆறு 7 டிகிரி செல்சியஸ் காட்டலாம். பளிச்சென்று வெயில் அடிக்கும் இன்னொரு நாளில் 4 காட்டலாம். நமக்கு உறைக்கும் குளிர் வேறு, மீனுக்கு உறைக்கும் குளிர் வேறு.

6 டிகிரிக்கு மேல் இருந்தால் ரோச் தின்னும். 4-க்கும் 6-க்கும் நடுவே கொஞ்சமாகத் தின்னும், அதுவும் வாய்க்கு அருகே வந்தால்தான். 4-க்குக் கீழே என்றால் அன்றைக்கு ரோச்சை மறந்துவிட்டுச் சப் மீனுக்கோ பைக் மீனுக்கோ போவது நல்லது. ஆனால் இந்த எண்களைவிட முக்கியமானது எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது. நான்கு நாளாக 5 டிகிரியிலேயே நிற்கும் ஆற்றில் மீன் கிடைக்கும். நேற்று 9 இருந்து இன்று 6-க்கு இறங்கிய ஆற்றில் கிடைக்காது. மீன் குளிர் ரத்தப் பிராணி. தண்ணீரின் சூட்டுக்குத் தக்கபடிதான் அதன் உடம்பு இயங்கும், புதிய சூட்டுக்குப் பழக அதற்குச் சில நாள் பிடிக்கும். ஆகவே மிதமான வாரத்துக்குப் பின் வரும் முதல் உறைபனிக் காலைதான் மிக மோசமான காலை. மூன்றாவது, நான்காவது உறைபனிக் காலைகள் பரவாயில்லை. எல்லாவற்றிலும் கொடியது பனி உருகி, சாலையில் தூவிய உப்போடு ஆற்றில் இறங்கும் நாள். அன்று வீட்டிலேயே இருந்துவிடலாம்.

இங்கே பேசுவது தென் இங்கிலாந்தின் ஆறுகளைப் பற்றி, குறிப்பாக டோர்செட் ஸ்டவர், ஹாம்ப்ஷயர் ஏவன் பற்றி. இரண்டும் கிறைஸ்ட்சர்ச்சில் வந்து கலந்து ஒரே முகத்துவாரம் வழியாகக் கடலில் விழுகின்றன. குணத்தில் மட்டும் ஒன்றுக்கொன்று ஒட்டாது. ஏவனுக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு சுண்ணப்பாறை ஊற்றுத் தண்ணீர், நிலத்துக்கடியிலிருந்து வருடம் முழுக்க ஏறத்தாழ 10 டிகிரியில் ஊறி வருவது. அதனால் உறைபனி விழுந்தாலும் ஏவன் மெதுவாகத்தான் ஆறும், மழை பெய்தாலும் மெதுவாகத்தான் கலங்கும். ஸ்டவர் மேல்பகுதியில் களிமண் நிலத்தின் வழியாக வருகிறது. ஒரு ராத்திரி மழைக்குப் பொங்கும், பழுப்பாகும், குளிரும், மறுபடி தெளியும். ஒரே காலையில் ஒன்றில் போகலாம், மற்றொன்றில் போகக் கூடாது என்று ஆவது இதனால்தான். ஸ்டவரில் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டிய நிறம் ஒன்று உண்டு: வெள்ளம் வடிந்து, பழுப்புப் போய், இளம்பச்சை தட்டி, இரண்டடி ஆழம் வரை கண் போகும் நிலை. அந்த நிறமும் ஏறுமுகமான சூடும் சேர்ந்து வந்தால் வேலைக்கு லீவு சொல்லிவிடுவார்கள் இங்கே.

ரோச் கெண்டைக் குடும்பத்து மீன். வெள்ளி உடம்பு, முதுகுப் பக்கம் நீலம் கலந்த மினுமினுப்பு, சிவந்த துடுப்புகள், சிவப்பேறிய கண். தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள் பல் உண்டு, நத்தையை அங்கே வைத்துத்தான் நொறுக்கும். இதை நினைவில் வையுங்கள், இரையைப் பற்றிப் பேசும்போது வேண்டும். கையகல மீன்தான் அதிகம் கிடைக்கும். ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம், வந்தால் நல்ல மீன். இரண்டு பவுண்டு மீனுக்காகப் பல ஆண்டு காத்திருப்பவர்கள் உண்டு. பிரிட்டன் சாதனை 4 பவுண்டு 4 அவுன்ஸ், 2006-இல் வட அயர்லாந்தில் பிடிபட்டது. அதற்கு முன் இருந்த 4 பவுண்டு 3 அவுன்ஸ் சாதனை மீன் 1990-இல் இதே டோர்செட் ஸ்டவரில் கிடைத்தது. மூன்று பவுண்டு ரோச் பிடித்தேன் என்று யாராவது படம் காட்டினால் முதலில் குதத் துடுப்பைப் பாருங்கள். அது நீளமாக ஓடினால் ரோச்சும் பிரீம் என்னும் மீனும் கலந்த கலப்பு மீன். வாய் மேல்நோக்கி இருந்து முதுகுத் துடுப்பு பின்னால் தள்ளியிருந்தால் அது ரட் என்னும் வேறு மீன். உண்மையான ரோச்சுக்கு முதுகுத் துடுப்பு வயிற்றுத் துடுப்புக்கு நேர் மேலே தொடங்கும், வாய் லேசாகக் கீழ்நோக்கி இருக்கும்.

சட்டத்தை ஒரு வரியில் முடித்துவிடலாம். பதின்மூன்று வயது நிரம்பியவர் யாராக இருந்தாலும் சூழலியல் முகமை (Environment Agency) என்ற அரசு அமைப்பின் தூண்டில் உரிமம் வேண்டும் (பதினாறு வரை இலவசம்), அதோடு அந்தக் கரை எந்தக் கிளப்பின் வசம் இருக்கிறதோ அதன் அட்டையோ நாள் சீட்டோ தனியாக வேண்டும். உரிமம் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 2,500 பவுண்டு வரை போகும்.

இனி இடம். கோடையில் ரோச் ஆறெங்கும் பரவி நிற்கும். குளிரில் கூட்டம் கூட்டமாகச் சில இடங்களில் ஒதுங்கிவிடும், ஐம்பது கெஜம் தள்ளிப் போட்டால் ஒன்றுமே இராது. நான்கு முதல் ஆறு அடி ஆழம், அடித்தரை சமமாக, சரளையோ மணலோ, தண்ணீர் சாவகாசமான நடை வேகத்தில் சுழியில்லாமல் போகும் நேர்நீளம், அதுதான் தேட வேண்டியது. வேக ஓட்டமும் மந்த ஓட்டமும் உரசிக்கொள்ளும் இடத்தில் நீர்ப்பரப்பில் மெல்லிய கோடு ஒன்று தெரியும். அந்தக் கோட்டின் மந்தப் பக்கத்தில் மீன் நிற்கும். ஆழமான கசம் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் ஓட்டம் செத்த கசத்தில் தக்கை விடவும் முடியாது, இரை தானாகப் போய்ச் சேரவும் சேராது. பறவைகளையும் பாருங்கள். நீர்க்காகங்கள் தினமும் மூழ்கும் நீளத்தில் ரோச் நிம்மதியாக நிற்காது, கரையோர மரத்தடியிலும் படகுகளுக்கு அடியிலும் போய் ஒடுங்கிவிடும். ஏவனில் ரோச் வெகுவாகக் குறைந்துபோனதற்குப் பலரும் முதலில் கைகாட்டுவது நீர்க்காகத்தைத்தான். அங்கே இரண்டு தூண்டில்காரர்கள் தொடங்கிய ஏவன் ரோச் புராஜெக்ட், ஆற்றில் பலகைகளை வைத்து ரோச் முட்டைகளைச் சேகரித்து, தொட்டியில் பொரிக்கவிட்டு, குளத்தில் வளர்த்து, ஓரளவு பெரிதானதும் மறுபடி ஆற்றில் விட்டது. மீனைத் தின்னாமலே மீனுக்காக இவ்வளவு மெனக்கெடும் கூட்டம் நமக்குக் கொஞ்சம் புதிரானதுதான்.

தூண்டில் கோல் 13 அடி. மெயின் நரம்பு 3 பவுண்டு தாங்குவது, மிதக்கும் வகை. முள்ளுக்கு மேலே தனியாக ஒரு சாண் மெல்லிய நரம்பு, 0.10 மில்லிமீட்டர், ஒன்றரை முதல் இரண்டு பவுண்டு தாங்குவது. முள் 18 அல்லது 20 (நம்பர் கூடக் கூட முள் சிறிது), நுனிக்குப் பின்னால் எதிர்க்கூர் இல்லாதது. இந்த முட்களை வீட்டிலேயே பத்துப் பன்னிரண்டு கட்டி அட்டையில் சுற்றி எடுத்துப் போங்கள். கையுறையைக் கழற்றிப் பூஜ்ய டிகிரியில் 20-ஆம் நம்பர் முள்ளைக் கட்டுவது நடக்காத காரியம், முடிச்சு சரியாக இறுகாமல் முதல் நல்ல மீனோடு போய்விடும். கரையில் வளையத்துக்குள் வளையம் கோத்து மாட்டினால் அரை நிமிட வேலை.

தக்கை ஸ்டிக் வகை: மேலே பால்சா, கீழே கனமான மூங்கிலோ கம்பியோ. ஐந்தடித் தண்ணீருக்கு நம்பர் 4 குண்டு ஐந்து சுமக்கும் தக்கை சரி. குண்டு என்பது நரம்பில் அழுத்திப் பொருத்தும் சிறு எடை, இதிலும் நம்பர் கூடக் கூடச் சிறிது. மேலும் கீழும் நடுவிலுமாக மூன்று சிலிக்கோன் குழாய்த் துண்டால் நரம்பில் மாட்டுங்கள். ஒன்று கிழிந்தாலும் இரண்டு பிடித்துக்கொள்ளும். குண்டுகளை மொத்தமாக ஓரிடத்தில் கடிக்காமல், நம்பர் 8 குண்டாகப் பிரித்து, சட்டைப் பொத்தான் வரிசை போலத் தக்கைக்குக் கீழே சம இடைவெளியில் பரப்ப வேண்டும், முள் பக்கம் போகப் போக இடைவெளியைச் சற்றுக் கூட்டிக்கொண்டு. அப்போதுதான் இரை தானாக விழுவது மாதிரி வளைந்து இறங்கும். நம்பர் 4 ஐந்துக்கு நம்பர் 8 பதினைந்து வரை ஆகும். தண்ணீரில் விட்டுப் பார்த்துக் கூட்டிக் குறைத்து, தக்கை நுனி மூன்று நான்கு மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி வையுங்கள். நுனி அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தால் குளிரில் மெத்தனமாகக் கவ்வும் மீனுக்கு அந்த மிதப்பே அதிக எடை, உடனே துப்பிவிடும்.

குண்டு என்றதும் ஈயம் என்று எடுத்துவிடாதீர்கள். 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையுள்ள ஈய எடைகளை மீன்பிடிக்கப் பயன்படுத்த இங்கே தடை, 1987 முதல். கரையில் சிந்தும் குண்டுகளை அன்னங்கள் சரளைக் கல் என்று விழுங்கி ஈய நஞ்சால் செத்துக்கொண்டிருந்தன, அதனால் வந்த சட்டம். நம்பர் 8-உம் அதைவிடச் சிறியதும் ஈயமாக இருக்கலாம், பெரியவை ஈயமற்ற உலோகமாக இருக்க வேண்டும். ஈயமற்றவை கடினமானவை. நரம்பின் மேல் பல்லால் கடித்து அழுத்தினால் நரம்பு நசுங்கி அந்த இடத்திலேயே அறும்.

ஆழம் அளப்பதைக் குளிரில் பலரும் அரைகுறையாகச் செய்துவிடுவார்கள். ஆழம் பார்க்கும் எடையை முள்ளில் மாட்டி, தக்கை ஓடப்போகும் பாதையில் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்திலாவது இறக்கிப் பாருங்கள். தரையில் திடீர் மேடு இருந்தால் தெரிந்துகொள்ள இதைவிட வேறு வழியில்லை. முதலில் முள் தரையை லேசாக உரசும்படி தக்கையை வையுங்கள். கடி வராவிட்டால் ஆழத்தை ஒரு சாண் கூட்டி, தக்கையைப் பிடித்துப் பிடித்து விடுங்கள். இதைக் கீழே விளக்குகிறேன்.

இரைதான் இந்தக் காலையின் சாரம். மூன்று இரை போதும்: கேஸ்டர், ஹெம்ப் விதை, ரொட்டி.

கேஸ்டர் என்பது ஈப்புழு கூடு கட்டிய நிலை. தூண்டில் கடையில் பைண்ட் (அரை லிட்டரைச் சற்றே தாண்டும் அளவு) கணக்கில் அளந்து தருவார்கள். புதுசாக இருக்கும்போது இளம் செம்மஞ்சள், நாள் ஆக ஆகச் செம்பழுப்பு, கடைசியில் கறுப்பு. நிறம் கறுக்கக் கறுக்க உள்ளே காற்று சேர்ந்து மிதக்கத் தொடங்கும். ஒரு பாத்திரத் தண்ணீரில் கொட்டி, மிதப்பதையெல்லாம் வழித்து எறிந்துவிட்டு, மூழ்குவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சோம்பேறித்தனப்பட்டு இதைச் செய்யாவிட்டால், நீங்கள் எறியும் இரையில் ஒரு பங்கு மேற்பரப்பில் மிதந்து அடுத்த வளைவுக்குப் போகும், மீன் கூட்டமும் அதன் பின்னாலேயே போகும். பையில் காற்றை வெளியேற்றி இறுகக் கட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள், தினம் ஒரு தடவை திறந்து மூடுங்கள். மூன்று நான்கு நாள் தாங்கும். புளித்த வாடை அடித்தால் செத்துவிட்டது, பயனில்லை. கரையில் டப்பாவில் தண்ணீர் ஊற்றி மூழ்கியபடி வைத்தால் மேற்கொண்டு மிதவையாக மாறாது.

முள்ளில் மாட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. கேஸ்டரின் மழுங்கிய முனையில் முள் நுனியை மெல்ல ஏற்றி, உள்ளே திருப்பி, முள் முழுதும் கூட்டுக்குள் போய் மேல் தட்டு மட்டும் வெளியே தெரியும்படி தள்ளுங்கள். அவசரப்பட்டால் கூடு விரிந்து வெள்ளைப் பால் வடியும். அதைப் போட்டுப் பயனில்லை, வேறு எடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கேஸ்டரைப் பாருங்கள். கூடு மட்டும் சக்கையாகத் தட்டையாக வந்தால், நீங்கள் பார்க்காமல் ஒரு ரோச் அதைத் தொண்டைப் பல்லுக்குக் கொண்டுபோய் நசுக்கி, சாற்றை எடுத்துக்கொண்டு தோலைத் துப்பியிருக்கிறது. தக்கை அசையவே இல்லையே என்பீர்கள். அசைந்திருக்கும், அரை மில்லிமீட்டர். இப்படி இரண்டு மூன்று தடவை வந்தால் கீழ்க்கடைசிக் குண்டை முள் பக்கம் சற்று நெருக்குங்கள், அல்லது ஒரு அளவு சிறிய முள்ளுக்கு மாறுங்கள்.

ஏன் உயிர்ப் புழுவையே போடக் கூடாது? போடலாம். ஆனால் 5 டிகிரித் தண்ணீரில் ஈப்புழு நெளிவதை நிறுத்தி மரக்குச்சியாகிவிடும், அதன் கவர்ச்சியே நெளிவுதான். புழுதான் வேண்டும் என்றால் சிறு டப்பாவைக் கோட்டின் உள்பையில் வைத்துக் கைக்கு எட்டக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். மூடி இறுக்கமா என்று இரண்டு தடவை பாருங்கள்.

ஹெம்ப், கஞ்சாச் செடியின் விதைதான். மீனுக்குப் போதையேறும் என்று பயந்து அந்தக் காலத்தில் சில கிளப்புகள் இதைத் தடைகூடச் செய்திருந்தன. விதையில் போதையும் இல்லை ஒன்றும் இல்லை, கறுப்புக் கூட்டுக்குள் வெள்ளைப் பருப்பும் எண்ணெயும்தான். ஒரு ராத்திரி, முடிந்தால் 24 மணி நேரம், ஊறவைத்து, அதே தண்ணீரோடு கொதிக்கவிட்டு, பிறகு தணலைக் குறைத்து இருபது முப்பது நிமிடம். விதை வெடித்து வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் வெந்தால் பருப்பு கழன்று வெறும் கூடு மிதக்கும். ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் கூடு நன்றாகக் கறுக்கும். வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், ரொட்டித் தூளை நனைக்க அது வேண்டும். வீடு முழுக்க ஒரு மண் வாடை இரண்டு நாள் நிற்கும், வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இப்போது தீனி போடுவது. குளிர்கால ரோச் வேட்டை கெடுவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான். கோடையில் மூன்று பைண்ட் கேஸ்டர் எறிகிற கை, குளிரிலும் அதே வேகத்தில் எறியும். 5 டிகிரியில் மீனின் செரிமானம் மிக மெதுவாக நடக்கிறது, வயிறு சீக்கிரம் நிறைந்து வெகுநேரம் நிறைந்தே இருக்கிறது. ஒரு பிடி கேஸ்டர் போட்டால் கூட்டமே பந்தி முடித்து எழுந்துவிடும், உங்கள் முள்ளில் இருக்கும் ஒன்றை யார் எடுப்பது? நான்கு மணி நேரத்துக்கு அரை பைண்ட் கேஸ்டரும் அரை பைண்ட் ஹெம்பும் எடுத்துப் போங்கள், அதிலும் மிச்சம் கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தக்கையை விடும் ஒவ்வொரு தடவையும் ஐந்தாறு கேஸ்டர், பத்துப் பதினைந்து ஹெம்ப், அவ்வளவுதான். கடி வராவிட்டால் அதையும் ஒன்றுவிட்டு ஒரு தடவை ஆக்குங்கள். கடி வரவில்லையே, இன்னும் கொஞ்சம் போடுவோம் என்று கை போகும். போகட்டும் என்று விட்டால் அன்றைய காலை முடிந்தது.

எங்கே எறிவது என்பதும் உண்டு. ஐந்தடி ஆழம், மெதுவான நடை வேகம் என்றால் கேஸ்டர் தரையைத் தொடுவதற்குள் பல கெஜம் போய்விடும். ஹெம்ப் அதைவிடச் சீக்கிரம் இறங்கும். ஆகவே எதிரே எறியாமல் சற்று மேல்பக்கம், அதாவது ஓட்டம் வரும் பக்கம், எறியுங்கள், தக்கை உங்களைத் தாண்டி ஐந்தாறு கெஜம் போகும் இடத்தில் இரை தரைசேரும்படி. கடி எங்கே வருகிறது என்பது கணக்கு சரியா என்று சொல்லிவிடும். எப்போதும் ஓட்டத்தின் கடைசியிலேயே கடி வந்தால் தீனி வெகுதூரம் போய்ச் சேருகிறது, இன்னும் மேலே எறியுங்கள். முதலில் அருகே வந்த கடி போகப் போகக் கீழே நகர்ந்தால் அதிகமாகப் போட்டுவிட்டீர்கள். பாதி ஆழத்திலேயே தக்கை படபடவென்று அடித்தால் அது டேஸ் என்னும் சிறு மீன் கூட்டம். நன்றாக வந்துகொண்டிருந்த கடி சட்டென்று நின்றால், மற்ற மீனைத் தின்னும் பைக் மீன் வந்திருக்கும். பதினைந்து நிமிடம் தீனியை நிறுத்திவிட்டு டீ குடியுங்கள், பெரும்பாலும் அது நகர்ந்துவிடும்.

தக்கையைத் தண்ணீரோடு அப்படியே ஓடவிட்டால் கோடையில் போதும். குளிரில் போதாது. மேற்பரப்பு ஓட்டம் எப்போதும் அடி ஓட்டத்தைவிட வேகமானது. தக்கையை அதன் போக்கில் விட்டால் அது இரையை இழுத்துக்கொண்டு ஓடும், தரையோரம் மந்தமாக நிற்கும் ரோச் அதைத் துரத்தாது. ஆகவே ரீலின் விளிம்பில் விரலை லேசாக அழுத்தி, தண்ணீரின் பாதி வேகத்துக்குத் தக்கையை மட்டுப்படுத்துங்கள். அப்போது முள் முன்னால் போகும், தக்கை பின்னால் வரும். இதற்குச் சென்டர்பின் ரீல் தோதானது: பற்சக்கரம் ஏதும் இல்லாத வெறும் உருளை, ஓட்டமே அதைச் சுழற்றும், கட்டை விரல்தான் பிரேக். சாதாரண ஃபிக்ஸட் ஸ்பூல் ரீலிலும் சுட்டு விரலால் நரம்பைத் தடுத்துச் செய்யலாம். எங்கே கடி வரும் என்று தோன்றுகிறதோ அந்த இடத்தில் ஒரு நொடி முழுதாக நிறுத்துங்கள். இரை தரையிலிருந்து ஒரு சாண் எழும்பி, பிறகு விடும்போது மெல்ல இறங்கும். குளிர்நாள் கடிகளில் பாதிக்கு மேல் அந்த எழும்பி இறங்கும் நொடியில்தான் வரும். காற்று ஓட்டத்தின் திசையில் வீசினால் நரம்பு வளைந்து தக்கையை இழுக்கும், கோலைத் தூக்கி நரம்பை மேல்பக்கம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். காற்று பலமானால் ஸ்டிக்கை விட்டுவிட்டு அடிப்பக்கம் மட்டும் கோக்கும் வேக்லர் தக்கைக்கு மாறுங்கள்.

கடி, ஆரவாரமாக இருக்காது. நுனி ஒரு சிட்டிகை தாழும், அல்லது தாழ வேண்டிய இடத்தில் தாழாமல் நிற்கும். இரண்டுக்கும் மணிக்கட்டால் சுண்டுங்கள், தோளால் இழுக்காதீர்கள். ரோச்சின் உதடு மென்மையானது, பலமாக இழுத்தால் கிழிந்து முள் கழன்றுவிடும். மாட்டிய மீன் தலையைத் தலையை உதறும், அந்த உதறலைக் கோலின் வளைவுக்கு விடுங்கள். கைவலையை முதலிலேயே தண்ணீரில் அமிழ்த்தி வைத்து, மீனை வலைக்கு மேல் கொண்டுவாருங்கள். வலையை மீன் பக்கம் வீசாதீர்கள்.

உறைபனி தரும் தொல்லைகளில் முதலாவது கோலின் வளையங்கள். பூஜ்யத்துக்குக் கீழே நரம்பு கொண்டுவரும் ஈரம் நுனி வளையங்களில் உறைந்து அடைத்துக்கொள்ளும். நகத்தால் பெயர்த்தால் உள்ளே இருக்கும் பீங்கான் வளையமும் பெயர்ந்துவிடும். கோல் நுனியை ஆற்றுக்குள் விடுங்கள். ஆறு காற்றைவிடச் சூடு, சில நொடியில் கரைந்துவிடும். கிளம்பும் முன்பே வளையங்களில் கொஞ்சம் வாஸ்லைன் தடவினால் இந்தத் தொல்லை பாதியாகும். இரண்டாவது, கைவலை. நனைந்த வலையைக் கரையில் வைத்தால் பலகையாக விறைத்துவிடும், தண்ணீரிலேயே கிடக்கட்டும். மூன்றாவது, கை. ஒவ்வொரு மீனுக்கும் கை நனையும், கையுறையும் நனையும், நனைந்த கையுறை வெறுங்கையைவிட மோசம். விரல் வெட்டிய கையுறையும் மடியில் ஒரு துண்டும்தான் சரி. காலுக்குக் கீழே பழைய கார் மிதியடி ஒன்றைப் போட்டால் தரைக்குளிர் ஏறாது. தண்ணீரோரத்துப் புல்லில் பனி இருக்கும்வரை நடமாட்டத்தைக் குறையுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை ஆற்றில் விழுந்தால் நீச்சல் தெரிவது பெரிதாக உதவாது.

மீனைப் பனிப்புல்லில் கிடத்தவே கூடாது. உறைந்த புல் அதன் மேல் இருக்கும் வழுவழுப்புப் படலத்தை உரித்துவிடும், உறைநிலைக் காற்று செவுளையும் கண்ணையும் கெடுக்கும். வலையைத் தண்ணீரிலேயே வைத்து, நனைத்த கையால் பிடித்து, முள்ளைக் கழற்றுங்கள். எதிர்க்கூர் இல்லாத முள் விரலால் ஒரு தள்ளில் வந்துவிடும். எடை போட வேண்டுமானால் ஈரப் பையில், பத்து இருபது நொடிக்குள். பிறகு தலை நீரோட்டத்துக்கு எதிராக இருக்கப் பிடித்துக்கொள்ளுங்கள், தானாக உதறிக்கொண்டு போகும். வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாதா என்று நம் ஊர்க்காரர்கள் கேட்பது வழக்கம். ஆறுகளில் 20 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறு மீன் ஒரு நாளைக்குப் பதினைந்து வரை எடுக்கச் சூழலியல் முகமையின் விதி இடம் கொடுக்கிறது. ஆனால் கரையை வைத்திருக்கும் கிளப்புகள் அநேகமாக எதையும் எடுக்க விடா, எடுத்தால் அட்டை போய்விடும். ஒரு பவுண்டு ஆக எட்டுப் பத்து ஆண்டு ஆகும் மீன், முள்ளோ ஏராளம். குழம்புக்குச் சந்தை மீனே மேல்.

தண்ணீர் கலங்கலாக, இளம்பச்சையாக இருக்கும் நாளில் கேஸ்டரை மூட்டை கட்டிவிட்டு ரொட்டியை எடுங்கள். வெள்ளை ரொட்டி, அன்று வாங்கியது, பழசு ஒட்டாது. நடுச்சதையில் கட்டை விரல் நக அளவு பிய்த்து, 10 அல்லது 12 நம்பர் முள்ளின் தண்டைச் சுற்றி மேல்பாதியை மட்டும் நசுக்கி ஒட்டுங்கள், கீழ்ப்பாதி பஞ்சாகவே தொங்கட்டும். முழுவதையும் உருட்டி நசுக்கினால் வெறும் மாவுருண்டை, ரோச் தொடாது. தூவுவதற்கு, ஓரம் வெட்டிய ரொட்டியை மிக்ஸியில் உலர்வாக ஓட்டிய தூள். ஹெம்ப் தண்ணீர் தெளித்துக் கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிதாகப் பிடித்து, பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒன்று. பெரிய ரோச்சுக்கு இதுதான் இரை. ஆழம் பார்த்து அடியில் கிடக்கவிட விரும்பினால் தக்கையை எடுத்துவிட்டு, எஸ்எஸ்ஜி எனப்படும் பெரிய குண்டு இரண்டு மூன்றை ஒரு கிளை நரம்பில் பொருத்தி, மெல்லிய நுனிக் கோலால் நுனி துடிப்பதைப் பார்த்துப் பிடிக்கலாம்.

நேரத்தைப் பற்றி ஒரு கசப்பான உண்மை. விடியலில் போவது மீனுக்காக மட்டும் அல்ல, நல்ல இடத்தை வேறொருவர் பிடிப்பதற்கு முன் பிடிக்கவும்தான். நவம்பர் கடைசியில் டோர்செட்டில் சூரியன் உதிக்க ஏழரை தாண்டும். அந்த அரையிருட்டில் ரொட்டிக்குப் பெரிய மீன் ஒன்றிரண்டு வரலாம். அதன் பிறகு, கடும் உறைபனி நாளில், பத்து மணி வரை ஒன்றும் நடக்காமல் போவது சகஜம். வெயில் தண்ணீரில் விழுந்து அரை டிகிரி ஏறியதும் கேஸ்டருக்குக் கடி தொடங்கும். சில நாள் பிற்பகலில், இருட்டுவதற்கு முந்தைய முக்கால் மணி நேரம்தான் எல்லாம். ஆகவே எட்டு மணிக்கே நம்பிக்கையிழந்து அரை பைண்டையும் ஆற்றில் கொட்டிவிட்டுக் கிளம்புவது, பின்னால் வருகிறவருக்குச் செய்யும் துரோகமும்கூட.

ஆறுகளில் மார்ச் 14-ஆம் தேதியோடு சீசன் முடிகிறது. 15 முதல் ஜூன் 15 வரை மூடுகாலம், மீன் முட்டையிடும் பருவம். குளங்களிலும் கால்வாய்களிலும் பெரும்பாலும் அந்தத் தடை இல்லை. வருடத்துக்குச் சில காலைகள்தான் ஒதுக்க முடியும் என்றால் அவற்றைப் பிப்ரவரி கடைசி வாரத்துக்கும் மார்ச் முதல் இரண்டு வாரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். முட்டை தாங்கிய ரோச் அப்போதுதான் அதிக எடையில் இருக்கும், தென்மேற்கிலிருந்து மிதமான மழைக்காற்று இரண்டு மூன்று நாள் வீசினாலே ஸ்டவர் 8 டிகிரியைத் தொட்டுவிடும்.